இரண்டாம் மாடி அக்காவின் காது

எங்கள் அடுக்ககத்தில் யாராவது புதுப் புடவை கட்டிக்கொண்டு படியிறங்கினால், இரண்டாம் மாடியைக் கடக்கும்போது மட்டும் கொஞ்சம் வேகமாக இறங்குவார்கள். அங்கே குடியிருந்த அக்காதான் காரணம். வாய் தவறி, "எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டால் அவர் பதில் சொல்லிவிடுவார்.

தமிழர், தெலுங்கர் என்று வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் அவர் இரண்டாம் மாடி அக்கா. இப்போது ராமச்சந்திராபுரம் பக்கம் மகனோடு இருக்கிறார். நாங்களும் ஹைதராபாத்தில் அந்த அடுக்ககம் இருந்த திருமுல்கேரியை விட்டு வந்துவிட்டோம். ஆனாலும் காதில் ஹெட்ஃபோனை மாட்டும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வராமல் போவதில்லை.

ஒல்லியான உடம்பு, ஐம்பதை நெருங்கும் வயது. கூந்தலைப் பெரிய கிளிப்பில் அள்ளிச் செருகியிருப்பார். மெட்ராஸ் பக்கமிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காகத் தாத்தா காலத்தில் வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், காய்கறிக்காரரிடம் தெலுங்கு, கோபம் வந்தால் ஹைதராபாத் இந்தி. தொலைபேசியில் வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்டுப் பதில் சொல்லும் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. அங்கே பதிவாகும் உரையாடல்களைப் பிறகு கேட்டு, பேசிய ஊழியருக்கு மதிப்பெண் போட வேண்டும். அந்த ஊழியர் மனசார மன்னிப்புக் கேட்டாரா, எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தாரா என்று குரலை வைத்தே சொல்லிவிடுவார்.

"நாள் பூரா பொய் சாரி கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சும்மா. நீ எங்கிட்ட சாரி மட்டும் சொல்லாத" என்பார்.

அலுவலகத்தில் போடும் அந்த மதிப்பெண்ணை வீட்டுக்கு வந்த பிறகும் அவரால் நிறுத்த முடியவில்லை. கட்டடத்துச் சங்கச் செயலாளர் வருடப்பிறப்பு விழாவில் பாடிவிட்டு ஆவலோடு பக்கத்தில் வந்து நின்றபோது, "பாட்டு ஞாபகம் வெச்சிருக்கீங்க. சுருதி மட்டும் வேற எங்கியோ போயிருச்சு" என்றார். ஒருமுறை என் வீட்டு ரசத்தை வாயில் வைத்ததும், "வெந்நீர்ல புளி காட்டுனியா?" என்று கேட்டார். சொல்லும்போது முகத்தில் கேலியும் இருக்காது, கோபமும் இருக்காது. மழை வருகிறது என்று சொல்வதைப்போல்தான் சொல்வார். அதனால்தான் கூடுதலாக வலிக்கும்.

தரைத்தளத்தில் ஒரு தெலுங்குப் பெரியவர் இருந்தார், ராணுவ அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குழந்தைகளுக்காகத் தெலுங்குக் கதைகளைச் செல்போனில் சொல்லிப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். கட்டடத்தில் எல்லோரும் பாராட்டினோம். அக்கா மட்டும் ஒரு கதையை முழுவதும் கேட்டுவிட்டு, "வின்டே நித்ர ஒஸ்துந்தி, அங்கிள்" என்றார். கேட்டால் தூக்கம் வருகிறதாம். பெரியவர் முகம் சுருங்கிப் போயிற்று. அதன்பிறகு படியில் அக்காவைக் கண்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தார். இவ்வளவு படித்த பெண்ணுக்கு இது தேவையா என்று எனக்கும் கோபம்தான்.

சில மாதங்கள் போயின. பெரியவரின் கதைகளை நிறையத் தாய்மார்கள் போட்டுக் கேட்கிறார்கள் என்ற செய்தி வந்தது. பிள்ளைகளைத் தூங்கவைப்பதற்காகத்தான். அவர் குரலில் பாதிக் கதைக்குள் பிள்ளைகள் உறங்கிவிடுகிறார்களாம். அக்காவுக்குத் தெரிந்த அன்றே தரைத்தளத்துக்கு இறங்கிப்போய்க் கதவைத் தட்டினார். படிக்கட்டில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி தெலுங்கில் அவர் சொன்னதன் சாரம் இது: "தூக்கம் வருதுன்னு சொன்னேன், அது சரி. அது குறைன்னு நினைச்சேன், அது தப்பு. நான் தப்பா மார்க் போட்டுட்டேன் அங்கிள்." பெரியவர் அவரை உள்ளே அழைத்துக் காபி கொடுத்தார்.

அன்றைக்குத்தான் அவரைப்பற்றி ஒன்று புரிந்தது. அடுத்தவர் மனம் நோகும் என்று தெரியாத ஆள் இல்லை. தனக்கென்று வந்தாலும் அவர் ஒரு சொல்லைக்கூடக் கூட்டிக் குறைத்துச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

புரிந்துவிட்டதால் பயம் போய்விடுமா? என் முறை வந்தபோது நான் அவரிடமிருந்து ஒளிந்துகொண்டேன்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. திருமணத்துக்குப் பின் சென்னையில் ஒரு ஒலிப்புத்தக நிறுவனத்துக்காகக் கதைகள் வாசித்துக்கொண்டிருந்தேன். கணவருக்கு ஹைதராபாத்துக்கு மாற்றல் வந்ததும், வீட்டிலேயே பதிவு செய்து அனுப்ப முடிந்தால் வேலையைத் தொடரலாம் என்றார்கள். அந்தச் சமயத்தில்தான் தொண்டையில் தைராய்டு கட்டிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. பிறகு பல வாரங்கள் எனக்குக் காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. டாக்டர் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்து, குரல் நாண்கள் நன்றாக அசைகின்றன, மெல்ல மெல்லத் திரும்பிவிடும் என்றார். திரும்பியது. ஆனால் வந்தது என் குரல்தானா என்று எனக்கு நிச்சயமில்லை.

என் கணவர் எதையும் வாங்கும் முன் வீடியோ பார்ப்பார். வீடியோவில் இருப்பவர் எதைச் சொன்னாலும் வாங்கிவிடுவார். அப்படித்தான் ஸ்டூடியோக்களில் வைக்கும் ரகத்தில் ஒரு மைக்கும், கம்பியில்லாத பெரிய ஹெட்ஃபோனும் வீட்டுக்கு வந்தன. மேசைமீது இரும்புக் கை பொருத்தி, மைக்கின் நுனி என் வாய்க்கு நேராக இருக்கும்படி அவரே மாட்டிக் கொடுத்தார். படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினார். பார்க்க வானொலி நிலையம் மாதிரிதான் இருந்தது.

ஆற்றைக் கடக்கப்போகும் ஒரு ராஜகுமாரியின் கதையை மாதிரிக்கு வாசித்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். வாசித்தேன். போட்டுக் கேட்டேன். யாரோ ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் இருந்தது. மங்கல், எதிரொலி, இரைச்சல். ஹெட்ஃபோனில் அது பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இன்னும் தடித்துக் கேட்டது. பேசும்போதே கேட்கலாம் என்றால் என் குரல் எனக்கே ஒரு கணம் பிந்தி வந்து நாக்கைத் தடுமாறவைத்தது. மறுபடி வாசித்தேன், மறுபடியும். கணவரிடம் போட்டுக் காட்டினால், "சூப்பரா இருக்கு. நீ வீணா கவலப்படுற" என்பார். அவருக்கு என் சமையல், கோலம், கையெழுத்து எல்லாமே சூப்பர்தான்.

குரல் போய்விட்டது, டாக்டர் ஆறுதலுக்காகச் சொல்லியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். வேறு எந்த வேலையும் எனக்குத் தெரியாது. தெரிந்த ஒன்றும் கத்திபட்டுப் போய்விட்டது.

புதன்கிழமை மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. அக்கா நின்றிருந்தார்.

"என்னம்மா, அந்த ராஜகுமாரி இன்னும் ஆத்தைத் தாண்டலியா? திங்கக்கெழமைலேருந்து அதே கரையிலயே நிக்குறா?"

"உங்களுக்குக் கேட்டுட்டாக்கா?"

"குளியலறை ஜன்னல் வழியா கீழ எல்லாம் கேக்குது. ரெக்கார்டு பண்ணதப் போடு, கேக்கறேன்."

"வேண்டாங்க்கா."

"கைக்கு?"

'ஏன்' என்று கேட்க அவர் வைத்திருந்த சொல் அது.

"நீங்க உண்மையச் சொல்லிருவீங்க."

அவர் சிரிக்கவில்லை. "ஹவ், ஆமா, சொல்லிருவேன். பொய் சொல்றவங்களுக்குப் போட்டுக் காட்டுனியே, என்ன சொன்னாங்க?"

"சூப்பர்னாரு."

"அப்பறம் கைக்கு அழுதுட்டு இருக்க?"

கண் சிவந்திருந்தது தெரிந்திருக்கிறது. வழிவிட்டேன்.

கம்பியில்லா ஹெட்ஃபோனைக் காதில் வைத்த வேகத்தில் கழற்றினார். "இந்தப் பானையத் தூக்கி அந்தாண்ட வை. பாட்டுக் கேக்கறதுக்கு ஓகே. குரலைக் கேக்கறதுக்கு நக்கோ." கீழே போய்த் தன் அலுவலகத்துக் கம்பி ஹெட்ஃபோனை எடுத்து வந்தார். கண்ணை மூடிக்கொண்டு என் பதிவைக் கடைசிவரை கேட்டார்.

"மோசமா இருக்கு."

என் கை தானாகத் தொண்டைத் தழும்புக்குப் போயிற்று. கண்ணைத் திறந்தவர் அந்தக் கையைப் பார்த்தார்.

"ரெக்கார்டு மோசம்னேன். குரலை நான் இன்னும் கேக்கவே இல்ல."

சென்னையில் முன்பு வாசித்த ஒரு கதையைப் போடச் சொன்னார். அதையும் முழுவதும் கேட்டார். பிறகு ஹெட்ஃபோனை இறக்கிவைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப்போட்டு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். "மைக் வேணாம். என்னைப் பாக்காம படி. உன் மூஞ்சியப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கும், சரியா கேக்க வராது."

படித்தேன். ராஜகுமாரி கரைக்கு வந்தாள், படகைத் தேடினாள், படகுக்காரனை உரக்கக் கூப்பிட்டாள். அந்த இடத்தில் குரல் லேசாக உடைந்தது. நிறுத்திவிட்டேன். "நிறுத்தாத" என்றார். முடிக்கும்வரை அவர் முதுகு அசையவில்லை.

திரும்பி உட்கார்ந்தார். "மேல போற சத்தம் கொஞ்சம் போயிருக்கு. கூவிக் கூப்பிடற எடத்துல தட்டுது. அது திரும்பி வருமா வராதான்னு எனக்குத் தெரியாது, டாக்டரைக் கேளு. கீழ அப்படியே இருக்கு. மூச்சும் அப்படியே இருக்கு. பழைய குரல் மாதிரியே இருக்குன்னு சொல்ல மாட்டேன். ஆனா இதுல கதை கேக்கலாம். நான் கேப்பேன்."

நான் தேம்பித் தேம்பி அழுதேன். கணவர் சொன்ன அத்தனை 'சூப்பர்'களும் செய்யாததை, 'கொஞ்சம் போயிருக்கு' என்ற சொல் செய்தது. போனது இவ்வளவு என்று ஒருவர் அளந்து சொல்லிவிட்டதால், மிச்சம் இருப்பதை நம்ப முடிந்தது. சரியில்லை என்றால் இவர் சரியில்லை என்றே சொல்லியிருப்பார்.

"அழுது முடிச்சிட்டு மைக் முன்னால வந்து உக்காரு" என்றார். "இதென்ன, ஐஸ்க்ரீம் மாதிரி வாய்க்கு நேரா நீட்டி வெச்சிருக்கீங்க?"

ஹெட்ஃபோனைத் தான் மாட்டிக்கொண்டு, நான் வாசிக்க வாசிக்க மைக்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். செங்குத்தாக நிமிர்த்தி அதன் பக்கவாட்டை என் பக்கம் காட்டியதும் அவர் புருவம் ஏறியது. ஹெட்ஃபோனை என் காதில் வைத்தார். பக்கத்து அறைப் பெண் கதவைத் திறந்துகொண்டு எதிரே வந்து நின்றாள். அந்த ரக மைக்குக்கு நுனியில் காது இல்லையாம், பக்கத்தில்தான் இருக்கிறதாம். நான் மூன்று நாளாக அதன் உச்சந்தலையோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆனால் என்னோடு சேர்ந்து ஜன்னல் புறா, முதல் மாடிக் குக்கர், பக்கத்து ராணுவ மைதானத்து விசில் எல்லாமும் எதிரே வந்து நின்றன.

"இப்ப நீயும் வந்துட்ட, திருமுல்கேரியும் வந்துருச்சு" என்றார் அக்கா. "இது ரொம்ப நுணுக்கமா கேக்குற மைக்கு. சத்தமில்லாத ரூம்ல வைக்க வேண்டியது. நமக்கு வாய் பக்கத்துல இருக்கறத மட்டும் கேக்குற, கொஞ்சம் மந்தமான மைக் போதும். வெலையும் கம்மி."

மறுநாள் காலை அவர் அரைநாள் விடுப்புப் போட்டார். ஆட்டோவில் செகந்திராபாத் போனோம். இசைக்கருவிகளும் ஒலிபெருக்கிகளும் விற்கிற ஒரு சந்துக் கடை. அங்கிருந்த இளைஞர் எங்களைப் பார்த்ததும் சிவப்பு விளக்கு எரியும் ஹெட்ஃபோன் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"யே தேக்கோ மேடம், க்யா பேஸ் ஹை! தம் தம் தம்!" அடித்தொனி எப்படி அதிர்கிறது பாருங்கள் என்றார்.

"ஹம்கோ தம் தம் நக்கோ பாய்" என்று அந்த அதிர்வே வேண்டாமென்றார் அக்கா.

செல்போனில் என் சென்னைப் பதிவை ஏற்றி வந்திருந்தார். கடையிலிருந்த ஹெட்ஃபோன் ஒவ்வொன்றிலும் அதையே போட்டுக் கேட்டார். "தெரிஞ்ச குரலப் போட்டாத்தாம்மா தெரியாத சாமானோட குணம் தெரியும். எது உன் குரல அழகாக்குதோ அதை வாங்காத. நாளைக்கு உன் தப்பையும் அழகாக்கி மறைச்சிரும்." கடைசியில் காதை முழுவதும் மூடிக்கொள்ளும் ஒரு சாதாரணக் கம்பி ஹெட்ஃபோனைத் தேர்ந்தெடுத்தார். காதில் ஓடும் சத்தம் கசிந்து மைக்குக்குப் போகக் கூடாது, நான் பேசுவதும் எனக்குப் பிந்திக் கேட்கக் கூடாது என்பது அவர் கணக்கு.

மைக்குக்கு வந்தபோது எனக்கு ஒன்றில் மனம் போயிற்று. பளபளப்பாக, கனமாக இருந்தது. அக்கா கையில் எடுத்தது மேடைப் பாடகர்கள் பிடிக்கும் மாதிரி, நேராகக் கம்ப்யூட்டரில் செருகிக்கொள்வது. என்னைக் கண்ணை மூடச் சொன்னார். இரண்டிலும் என்னைப் பேசவைத்துப் பதிவு செய்து, எது எது என்று சொல்லாமல் போட்டுக் காட்டினார். நான் கைகாட்டியது அந்த மேடை மைக்கை.

கடைக்காரருக்கு வருத்தம். "மேடம், ஓ தோ சஸ்தா ஹை."

"ஹவ் பாய். சஸ்தா பீ ஹை, சச்சா பீ ஹை." மலிவும்தான், உண்மையும்தான் என்று சொல்லிவிட்டு மைக்குக்கு ஒரு பஞ்சு உறையும் கேட்டு வாங்கினார்.

படுக்கையறையில் புடவை அலமாரியை விரியத் திறந்துவைத்து, எதிரொலி அடங்க எதிர்ச்சுவரில் ரஜாய் என்னும் தடித்த போர்வையைத் தொங்கவிட்டு, நடுவில் உட்கார்ந்தேன். மைக் வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி. வியாழன் சாயங்காலத்துக்குள் ராஜகுமாரி ஆற்றைத் தாண்டிவிட்டாள்.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து பதில் வந்தது. குரலில் ஒரு மாற்றம் தெரிகிறது, பெரியவர்களுக்கான நாவல்களுக்கு அது பொருந்தும், முதல் புத்தகம் அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள். செருப்புப் போடாமல் இரண்டாம் மாடிக்கு ஓடினேன். அக்கா செய்தியைக் கேட்டுத் தலையாட்டினார். "சந்தோஷம். ரெண்டு எடத்துல மூச்சுச் சத்தம் கேக்குது, அதப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். ஸ்டூடியோ மைக்கைக் கணவர் அலுவலகக் கூட்டங்களுக்கு வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் என்றைக்கு என்ன சமையல் என்பது இப்போது அவருடைய மேலாளருக்கும் தெரியும்.

அக்காவைப்பற்றி நான் எழுத நினைத்தது இத்துடன் முடிந்திருக்கும். அவர் ஒருநாள் என் வீட்டு சோபாவில் வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்காவிட்டால்.

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு என்கூட காது டாக்டர்கிட்ட வரியா?"

அலுவலகத்தில் ஒரு பதிவை அவர் கேட்டு மதிப்பெண் போட்டிருக்கிறார். அதில் வந்த ஒரு சொல்லை விட்டுவிட்டதாக உடன் வேலை செய்யும் பெண் காட்டியிருக்கிறாள். திரும்பப் போட்டபோது வலது காதில் கேட்டது, இடது காதில் கேட்கவில்லை. கொஞ்ச நாளாகவே அந்தப் பக்கம் அடைப்பாக இருந்ததாம்.

"எங்கம்மாவுக்கு இந்த வயசுலதான் ஆரம்பிச்சுது. மொதல்ல ஒரு காது. அப்பறம் ரெண்டும். இப்ப வாயசைவப் பாத்துத்தான் புரிஞ்சுக்கறாங்க."

"அப்போ ஏங்க்கா இத்தன நாள் டாக்டர்ட்ட போகல?"

"பயம்" என்றார், மழை வருகிறது என்பதைப்போல. "நீ எதுக்கு வரணும் தெரியுமா? டாக்டர் சொல்றத நீயும் கேளு. நான் எனக்கு வேண்டியத மட்டும் கேட்டுக்குவேன்."

அவர் வாயிலிருந்து இப்படி ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை.

மருத்துவமனையில் முதலில் டாக்டர் இடது காதில் இறுகிப்போயிருந்த அழுக்கை எடுத்தார். பிறகு கண்ணாடிக் கதவு போட்ட சிறு அறைக்குள் அக்காவை உட்காரவைத்து ஹெட்ஃபோன் மாட்டினார்கள். ஒலி கேட்கும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கண்ணை மூடியிருந்தார். கட்டைவிரல் அழுத்தும், காத்திருக்கும், அழுத்தும். ஓரிடத்தில் வெகுநேரம் அசையவில்லை. எனக்கு எதுவும் கேட்காது என்று தெரிந்தும் மூச்சை அடக்கிக்கொண்டு நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். விரல் மறுபடி அசைந்தபோதுதான் மூச்சு விட்டேன்.

எல்லாச் சோதனையும் முடிந்து டாக்டர் பேசினார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லு. என்ன சொன்னாரு?"

"ரொம்ப மெல்லிசான மேல் சத்தம் ரெண்டு காதுலயும் கொஞ்சம் கொறஞ்சிருக்காம். வயசு, அப்புறம் ஹெட்ஃபோன். சத்தத்தக் கொறச்சு வெக்கணும், நடுநடுவுல காதுக்கு ஓய்வு குடுக்கணும். இடது காது அடச்சது அழுக்காலதான். அம்மாவுக்கு வந்தது உங்களுக்கு இல்ல."

"கூட்டிச் சொல்லலியே?"

"இல்லக்கா."

"கொறச்சு?"

"இல்லக்கா."

காத்திருப்போர் கூடத்தின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். செல்போனை எடுத்து, ரயில்வே காலனியில் தம்பி வீட்டிலிருக்கும் அம்மாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டார். திரையில் அந்த அம்மாளின் முகம் தெரிந்தது.

"அம்மா! எனக்குக் கேக்குதும்மா!"

அம்மா கையைக் காதருகே குவித்தார். "என்னா?"

"கேக்குதும்மா! டாக்டர் சொல்லிட்டாரு! நல்லா கேக்குது!"

"என்னாடி சொல்ற?"

வாயை மெல்ல அசைத்தாலே அவர் புரிந்துகொள்வார் என்பது அக்காவுக்கு மறந்தே போய்விட்டது. எழுந்து நின்று, சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும், "கேக்குது! கேக்குது!" என்று கத்தினார். கூடத்திலிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். தாடி வைத்த ஒரு முதியவர், "முபாரக் ஹோ, பேட்டி" என்று மகளை வாழ்த்துவதுபோல் வாழ்த்தினார். திரையில் அந்த அம்மாள் மகளின் முகத்தைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டுவிட்டுத் தானும் வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

அக்கா அதன்பிறகும் கத்திக்கொண்டேதான் இருந்தார். அந்தக் கூடத்தில் யாரும் அவரைச் சத்தம் போடாதீர்கள் என்று சொல்லவில்லை.